தெரிந்த கேட்டுகளால் மட்டுமே ஆன சுற்று: மேல்முறையீட்டில் ‘ஆப்வியஸ்’ மறுப்பு நிற்குமா?

#1 மின்னிழை

11 வருடமாக ஆர்டிஎல் (சிப்பின் சுற்றை விவரிக்கும் நிரல்) எழுதுகிறேன். இப்போது காப்புரிமை வேலைக்கு மாறலாம் என்று படித்துக்கொண்டிருக்கிறேன். படிப்புக் குழுவில் ஆளுக்கொரு மாதிரி வழக்கு எடுத்துக்கொண்டோம். அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தின் 103ஆம் பிரிவின்படி, அதாவது துறை தெரிந்தவருக்குத் தானாகவே தோன்றியிருக்கும் (‘ஆப்வியஸ்’) என்று வந்த இறுதி மறுப்பை எதிர்த்து, காப்புரிமை அலுவலகத்தின் மேல்முறையீட்டு வாரியத்துக்கு மனு எழுதுவது என் பங்கு. இரண்டு வாரம் எழுதியும் எனக்கே நம்பிக்கை வரவில்லை. வழக்கை இங்கே வைக்கிறேன், எங்கே தவறுகிறேன் என்று சொல்லுங்கள்.

சுற்று இதுதான். இரண்டு வேறு கிளாக்குகளுக்கு நடுவே நிற்கும் ஒரு ஃபைஃபோ (முதலில் வந்த தரவு முதலில் வெளியேறும் நினைவகம்). ஆழம், அதாவது அதிலுள்ள வரிசைகளின் எண்ணிக்கை, 2-இன் அடுக்கு அல்ல, 6 என்று வையுங்கள்.

கிளெய்ம் (காப்புரிமை கோரும் கூற்று) 1: அப்படிப்பட்ட ஃபைஃபோவில் அடுத்து எழுதும் இடத்தையும் படிக்கும் இடத்தையும் காட்டும் இரண்டு பாயின்ட்டரும் கிரே கோடில் (அடுத்தடுத்த எண்களுக்கு இடையே ஒரே ஒரு பிட் மாறும் குறியீடு) எண்ணி, எதிர்ப்பக்கக் கிளாக்குக்கு ஒத்திசைக்கப்படும்.

கிளெய்ம் 4: பாயின்ட்டர் பூஜ்யத்தில் தொடங்காது. கிரே கோடின் கண்ணாடிக் கோட்டுக்கு (மேல்பாதியும் கீழ்ப்பாதியும் ஒன்றையொன்று பிரதிபலிக்கும் நடுக்கோடு) இருபுறமும் சமமாக விழும்படி தொடக்க மதிப்பும் முடிவு மதிப்பும் தேர்ந்தெடுக்கப்படும். அதனால் கடைசியிலிருந்து முதலுக்குத் திரும்பும்போதும் ஒரே ஒரு பிட்தான் மாறும்.

எக்ஸாமினர் (காப்புரிமை அலுவலகத்தின் பரிசோதகர்) எடுத்தவை முன்பே வெளியான இரண்டு ஆவணங்கள். முதல் ஆவணம்: ஒரே கிளாக், ஆழம் 6, சாதாரண பைனரி கவுண்ட்டர். இரண்டாம் ஆவணம்: இரண்டு கிளாக், ஆழம் 8, கிரே கோடு பாயின்ட்டர், ஒவ்வொரு பிட்டுக்கும் இரண்டு ஃபிளிப்-ஃபிளாப் (ஒரு பிட்டைப் பிடித்துவைக்கும் சுற்று) ஒத்திசைப்பு. இரண்டையும் சேர்த்தால் நம்பகத்தன்மை கூடும், ஆகவே துறை தெரிந்தவருக்கு இது தானாகத் தோன்றியிருக்கும் என்கிறார். கிளெய்ம் 4-க்கு அவர் சொன்ன காரணம் ஒரே வரி: தொடக்க மதிப்பைத் தேர்ந்தெடுப்பது வழக்கமான வடிவமைப்புத் தேர்வு.

என் வாதம்: இரண்டாம் ஆவணத்தின் கவுண்ட்டரை அப்படியே முதல் ஆவணத்தில் பொருத்தினால் சுற்று வேலை செய்யாது. 5-இன் கிரே கோடு 111, பூஜ்யத்தின் கோடு 000. திரும்பும் இடத்தில் மூன்று பிட்டும் ஒன்றாக மாறுகின்றன. எதிர்ப்பக்கக் கிளாக் அந்த நேரம் பார்த்துப் படித்தால் எட்டில் எந்த எண் வேண்டுமானாலும் கிடைக்கலாம். காலியான ஃபைஃபோ நிறைந்ததாகத் தெரியும், தரவு கெடும். வேலை செய்யாத கூட்டணியை யார் செய்வார்? எனவே ஆப்வியஸ் இல்லை.

மாதிரி வழக்கு என்பதால், கிளெய்ம் 4-இல் உள்ள உத்தியை அதற்கு முன் யாரும் எழுதி வெளியிடவில்லை என்று வைத்துக்கொள்ள வேண்டும். இன்றைக்கு இது பலருக்கும் தெரிந்த உத்திதான்.

#2 தாழ்ப்பாள்

நேராகச் சொல்கிறேன், எனக்கு எக்ஸாமினர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது.

இரண்டு கிளாக் என்றதும் கிரே கோடு என்று எவரும் சொல்வார்கள். அதோடு, டிஜிட்டல் சுற்று இயந்திரமோ ரசாயனமோ அல்ல. கலந்து பார்த்தால் என்ன வரும் என்று காத்திருக்கும் வேலையே இங்கே கிடையாது. எழுதி, சிமுலேட் செய்து, அன்று மாலைக்குள் விடை பார்த்துவிடலாம். தெரிந்த பாகங்களை, ஒவ்வொன்றும் தன் வழக்கமான வேலையைச் செய்யும்படி சேர்த்து, எதிர்பார்த்த பலன் மட்டுமே கிடைத்தால் அது ஆப்வியஸ் ஆகவே இருக்க வாய்ப்பு அதிகம். 2007-இல் கேஎஸ்ஆர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னதும் அதைத்தானே?

#3 ஏட்டுச்சுவடி

மின்னிழை, உங்கள் வாதத்தில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. மனு போவதற்கு முன்பே அவற்றை அடைத்துவிடுங்கள்.

முதல் ஓட்டை: ‘அப்படியே பொருத்தினால் வேலை செய்யாது’ என்பது. இந்த வாதத்துக்கு 1981-லேயே பதில் சொல்லிவிட்டார்கள், அதுவும் நம் துறைக்குப் பக்கத்து வழக்கில். கெல்லர் வழக்கு. இதயத் துடிப்புக் கருவியில் நேரம் கணக்கிடும் பகுதி பற்றியது. ஓர் ஆவணத்தில் கருவி இருந்தது, அதில் மின்தடையும் மின்தேக்கியும் வைத்து நேரம் கணக்கிட்டார்கள். இன்னொரு ஆவணம், இத்தகைய கருவிகளில் டிஜிட்டல் முறையில் நேரம் கணக்கிடலாம் என்றது. இரண்டாவது ஆவணத்தின் பாகத்தைக் கழற்றி முதல் கருவிக்குள் உடலோடு உடலாகப் பொருத்த முடியுமா என்பது கேள்வியே இல்லை, இரண்டும் சேர்ந்து துறை தெரிந்தவருக்கு என்ன உணர்த்தியிருக்கும் என்பதே கேள்வி என்று நீதிமன்றம் சொன்னது. கெல்லர் தரப்பு நிபுணரின் வாக்குமூலம் ஒரே ஓர் ஆவணத்தை மட்டும் தாக்கியதால் அதற்கு எடை கிடைக்கவில்லை. உங்கள் மனுவும் இப்போது அதே பாதையில் போகிறது.

இரண்டாவது ஓட்டை இன்னும் பெரியது. திரும்பும் இடத்தில் ஒரு பிட் மட்டும் மாற வேண்டும் என்பது கிளெய்ம் 1-இல் எங்கே இருக்கிறது? இல்லை. கிளெய்மில் இல்லாத சிறப்பை வாதத்தில் சொன்னால் வாரியம் அதை ஒரே வரியில் ஒதுக்கிவிடும். அப்படி ஒதுக்குவது சரிதான்.

தாழ்ப்பாள் சொன்னதற்கும் ஒரு திருத்தம். கேஎஸ்ஆர் அதோடு நிற்கவில்லை. பாகங்கள் எல்லாம் தனித்தனியே தெரிந்தவை என்று காட்டினால் மட்டும் போதாது, அவற்றை இந்த விதத்தில் சேர்க்க அந்தக் காலத்தில் ஒருவருக்கு என்ன காரணம் இருந்தது என்பதையும் கண்டு, வெளிப்படையாக எழுதியாக வேண்டும் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. ஏறத்தாழ எல்லாக் கண்டுபிடிப்புகளும் முன்பே தெரிந்த கட்டைகளால் கட்டியவைதான் என்று அந்தத் தீர்ப்பே ஒப்புக்கொள்கிறது.

#4 பழைய சிப்

இந்தப் பேச்சு வந்தால் டிரான்ஸ்லாஜிக் வழக்கைத் தொடாமல் போகக் கூடாது. 2007 அக்டோபர், கேஎஸ்ஆர் வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. காப்புரிமை மேல்முறையீடுகளைக் கேட்கும் ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றத்தில் ஒரு முழு டிஜிட்டல் சுற்று வழக்கு.

காப்புரிமை 1992-இல் கிடைத்தது. டிரான்ஸ்மிஷன் கேட்டால் ஆன 2:1 மல்டிபிளெக்சர்களை (இரண்டு உள்ளீட்டில் ஒன்றைத் தேர்ந்து அனுப்புபவை) தொடராகக் கோத்த சுற்று. டிரான்ஸ்மிஷன் கேட் தெரியாதவர்களுக்கு: என்மாஸ் வகை டிரான்சிஸ்டர் பூஜ்யத்தை நன்றாகக் கடத்தும், ஒன்றை இழந்து கடத்தும். பிமாஸ் அதற்கு நேரெதிர். இரண்டையும் பக்கம்பக்கமாக வைத்து எதிர்ச் சைகைகளால் இயக்கினால் இரண்டு மதிப்பும் சேதமில்லாமல் போகும். இப்படி 2:1 மல்டிபிளெக்சர் கட்ட 6 டிரான்சிஸ்டர் போதும். நாண்ட் கேட்டுகளால் கட்டினால் 14 ஆகும்.

ஹிட்டாச்சி மீது வழக்குப் போட்டு, ஜூரி 8.65 கோடி டாலர் நஷ்டஈடு தந்தது. அதே சமயம் ஹிட்டாச்சி கேட்டுக்கொண்டபடி காப்புரிமை அலுவலகத்தில் மறுஆய்வு நடந்துகொண்டிருந்தது. அங்கே எடுத்தவை இரண்டு ஆவணங்கள். கொராய் எழுதிய கட்டுரையில் 2:1 மல்டிபிளெக்சர்கள் தொடராக நிற்கும், ஆனால் ஒவ்வொன்றின் உள்ளேயும் என்ன இருக்கிறது என்று அது சொல்லாது. வெஸ்ட், எஷ்ரகியான் இருவரும் எழுதிய சிமாஸ் பாடநூலில் டிரான்ஸ்மிஷன் கேட் மல்டிபிளெக்சர் படமே இருக்கிறது. அந்தப் பாடநூலை வைத்துப் படித்த தலைமுறை நான்.

கட்டுரையில் வெறும் பெட்டியாக இருந்ததற்குள், பாடநூலில் இருந்த சுற்றை வைத்தால் கிளெய்ம் வந்துவிடுகிறது. வாரியம் ஆப்வியஸ் என்றது, ஃபெடரல் சர்க்யூட் ஆமோதித்தது, நஷ்டஈட்டுத் தீர்ப்பும் அதோடு ரத்தானது.

எனக்கு அந்தத் தீர்ப்பு சரியென்றே படுகிறது. ஒரு வடிவமைப்பாளர் பெட்டி வரைந்தால், அதற்குள் எதை வைப்பது என்று பாடநூலைப் புரட்டுவார். அது அவருடைய அன்றாட வேலை. டிரான்ஸ்மிஷன் கேட்டுகளை நீளமாகக் கோத்தால் தாமதம் நேர்விகிதத்தில் ஏறாமல் கிட்டத்தட்ட வர்க்கமாக ஏறும், நடுநடுவே பஃபர் போட வேண்டும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்தச் சிக்கலைத் தாண்டியதாக ஒன்று கிளெய்மில் தெளிவாக நின்றிருந்தால்தான் அது உதவியிருக்கும்.

#5 மின்னிழை

இதைப் படித்ததும் மனம் கொஞ்சம் சோர்ந்துவிட்டது. பழைய சிப் ஐயா சொல்வதைப் பார்த்தால், எங்கள் வேலை முழுவதுமே பெட்டிக்குள் பாடநூல் சுற்றை வைப்பதுதான் என்று ஆகிவிடாதா? ஆண்ட், ஆர், ஃபிளிப்-ஃபிளாப் மூன்றும் எல்லோருக்கும் தெரியும். அவற்றைச் சேர்த்தால் என்ன வரும் என்று பூலியன் கணிதம் முன்கூட்டியே சொல்லிவிடும். ‘எதிர்பார்த்த பலன்’ என்பதே அளவுகோல் என்றால் எந்தச் சுற்றும் தப்பாது. அப்படியொரு அளவுகோலை எப்படி நியாயம் என்று ஏற்பது?

#6 ஏட்டுச்சுவடி

நியாயமான கோபம். ஆனால் ‘முன்கூட்டியே கணிக்கத்தக்கது’ என்பதை யாருடைய கண்ணால் பார்க்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சுற்றை எழுதிய பிறகு அது என்ன செய்யும் என்று கணிப்பது ஒன்று. அந்தச் சுற்றை எழுத வேண்டும் என்று தோன்றுவது வேறு. பூலியன் கணிதம் முதலாவதற்கு மட்டுமே விடை தரும். இந்த இரண்டையும் கலப்பதைத்தான் விடையைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுவது என்கிறோம்.

1966-இல் கிரஹாம் வழக்கு போட்டுத்தந்த வரிசையை மறக்காதீர்கள். முன் ஆவணங்களில் என்ன இருக்கிறது, கிளெய்முக்கும் அவற்றுக்கும் என்ன வித்தியாசம், அந்தத் துறையில் சராசரித் தேர்ச்சி எவ்வளவு, இவற்றோடு வியாபார வெற்றி, நெடுநாள் தீராத தேவை, மற்றவர்களின் தோல்வி போன்ற புறச்சான்றுகள். அதே நாளில் வந்த ஆடம்ஸ் வழக்கில் எல்லாமே தெரிந்த பொருட்கள்: மெக்னீசியம், குப்ரஸ் குளோரைடு, தண்ணீர். தண்ணீர் ஊற்றினால் வேலை செய்யும் மின்கலம். நிபுணர்கள் முதலில் நம்பவே இல்லை. முன் ஆவணங்கள் அந்த வழியில் போகாதே என்று சொல்லிக்கொண்டிருந்தன. காப்புரிமை நின்றது. தெரிந்த பாகங்கள் என்பதால் மட்டும் ஒன்று விழுந்துவிடாது.

இப்போது உங்கள் வழக்கு. கிளெய்ம் 1-ஐக் காப்பாற்றப் பாடுபடாதீர்கள். கிளெய்ம் 4-க்கு எக்ஸாமினர் எழுதிய அந்த ஒற்றை வரியை எடுத்துக்கொள்ளுங்கள்: ‘வழக்கமான வடிவமைப்புத் தேர்வு’. எதை வைத்துச் சொன்னார்? எந்த ஆவணம்? எந்தப் பக்கம்?

2001-இல் ஸுர்கோ வழக்கிலும் 2002-இல் லீ வழக்கிலும் ஃபெடரல் சர்க்யூட் இதைத்தான் கேட்டது. வழக்கின் மையமான ஒரு கூறு ‘பொது அறிவு’ என்றால், அதற்கும் ஆவணத்தில் சான்றும் விளக்கமும் இருக்க வேண்டும். கேஎஸ்ஆர் வந்ததும் இது போய்விட்டது என்று பலர் எழுதினார்கள், போகவில்லை. 2016-இல் அரெண்டி வழக்கில், ஆவணங்களில் இல்லாத கூறு ஒன்றை வெறும் பொது அறிவால் நிரப்ப அனுமதி அபூர்வம், அதுவும் கூறு மிக எளியதாக இருந்தால்தான் என்றார்கள். அந்தக் கூறு கண்டுபிடிப்பின் நடுமையமாக இருந்தால் இன்னும் கடினம். பெல்டன் வழக்கில் 2015-இல் சொன்னதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: செய்திருக்க முடியும் என்பது போதாது, செய்யத் தூண்டப்பட்டிருப்பார் என்று காட்ட வேண்டும்.

#7 தாழ்ப்பாள்

சரி, கிளெய்ம் 4-ஐ மட்டும் பேசுவோம். என் கணக்கைச் சொல்கிறேன்.

ஆழம் 6, கிளாக் இரண்டு. கிரே கோடு திரும்பும் இடத்தில் உடைகிறது என்று முதல் நாளே தெரிந்துவிடும். என் கையில் என்ன இருக்கிறது? ஆழத்தை 8 ஆக்கலாம். பைனரி பாயின்ட்டரைக் கைகுலுக்கல் முறையில் (மறுபக்கம் பெற்றேன் என்று சொன்ன பிறகே அடுத்ததை அனுப்புவது) அனுப்பலாம், சில சுழற்சிகள் தாமதமாகும். ஜான்சன் கவுண்ட்டர் போடலாம், அதில் எப்போதும் ஒரு பிட்தான் மாறும், மூன்று ஃபிளிப்-ஃபிளாப்பில் ஆறு நிலை கிடைக்கும். அல்லது கிரே கோடின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். மொத்தம் நான்கு வழி. எண்ணிக்கை குறைவு, பலன் தெரிந்தது. இப்படிக் கைவிரலில் எண்ணக்கூடிய தீர்வுகள் இருந்தால் அவற்றை முயன்று பார்ப்பதே ஆப்வியஸ் ஆகலாம் என்று கேஎஸ்ஆர் சொல்கிறது.

நான்காவது வழி எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். பெயரிலேயே இருக்கிறது. ஃபிராங்க் கிரே 1947-இல் விண்ணப்பித்து 1953-இல் பெற்ற காப்புரிமையில் இதைப் பிரதிபலிப்பு பைனரி கோடு என்றுதான் அழைக்கிறார். மேல்பாதி கீழ்ப்பாதியின் கண்ணாடி உருவம், மேல் பிட் மட்டும் வேறு. மூன்று பிட்டில் 1-இன் கோடு 001, 6-இன் கோடு 101. ஒரு பிட் வித்தியாசம். கண்ணாடி என்று தெரிந்தவர் நடுவிலிருந்து சமமாக விரிந்தால் இரண்டு முனையும் பொருந்தும் என்பதைப் பார்க்க மாட்டாரா? துறை தெரிந்தவர் இயந்திர மனிதர் அல்ல, அவருக்கும் சாதாரணப் படைப்பூக்கம் உண்டு என்று அதே தீர்ப்பில் இருக்கிறது.

#8 பழைய சிப்

தாழ்ப்பாளின் பட்டியல் அருமை. ஆனால் அந்த நான்காவது வரி அங்கே எப்படி வந்தது என்று யோசியுங்கள். கிளெய்ம் 4-ஐப் படித்த பிறகுதானே வந்தது?

என் அனுபவம் ஒன்று. முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் 72 வரிசை தேவைப்பட்ட இடத்தில் 128 போட்டோம். 56 வரிசை வீண். யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் ‘ஒத்திசைவற்ற ஃபைஃபோ என்றால் ஆழம் 2-இன் அடுக்கு’ என்பது எங்களுக்கு விதி மாதிரி ஊறிப்போயிருந்தது. பிறகு சிப்பின் பரப்பைக் குறைத்தே ஆக வேண்டும் என்று வந்தபோது ஆறு பேர் உட்கார்ந்து பேசினோம். ஜான்சன் கவுண்ட்டர் என்றார் ஒருவர். நிறைவையும் காலியையும் பிரித்தறிய பாயின்ட்டர் எல்லா வரிசைகளையும் இரண்டு முறை சுற்றி எண்ண வேண்டும், அதாவது 144 நிலை. ஜான்சனுக்கு 72 ஃபிளிப்-ஃபிளாப், அத்தனையையும் எதிர்ப்பக்கம் ஒத்திசைக்க இன்னும் 144. அது கைவிடப்பட்டது. கைகுலுக்கல் வேகத்துக்கு ஒத்துவரவில்லை. கடைசியில் 128-ஆகவே விட்டோம்.

எட்டு பிட் கிரே கோடில் 56-இலிருந்து 199 வரை எண்ணினால் போதும் என்று அந்த அறையில் யாருக்கும் தோன்றவில்லை. எல்லோருக்கும் கிரே கோடு தெரியும், கண்ணாடி என்பதும் தெரியும். ஆனால் ‘பூஜ்யத்தில் தொடங்கு’ என்பது ஒரு தேர்வு என்பதே எங்கள் கண்ணில் படவில்லை. ரீசெட் என்றால் பூஜ்யம், அவ்வளவுதான்.

விடை தெரிந்தபின் அது அற்பமாகத் தெரிகிறது என்பதை நான் மறுக்கவில்லை. அந்த அறையில் இருந்தவன் என்ற முறையில், அது அன்று அற்பமாக இல்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

#9 கேள்விக்குறி

நடுவில் ஒரு சின்னச் சந்தேகம். ஆழம் 5 மாதிரி ஒற்றைப்படை என்றால்? ஒவ்வோர் அடியிலும் ஒரு பிட் மாறித் தொடங்கிய இடத்துக்கே வர வேண்டுமானால் அடிகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாகத்தானே இருக்க வேண்டும்?

#10 மின்னிழை

ஆமாம், பாரிட்டி (ஒன்றுகளின் எண்ணிக்கை ஒற்றையா இரட்டையா என்பது) ஒவ்வோர் அடியிலும் புரள்வதால் ஒற்றைப்படைச் சுழற்சி சாத்தியமே இல்லை. ஆனால் பழைய சிப் ஐயா சொன்னது போலப் பாயின்ட்டர் இரண்டு சுற்று எண்ணுகிறது. ஆழம் 5 என்றால் 10 நிலை, எப்போதும் இரட்டைப்படைதான். நான்கு பிட்டில் 3-இலிருந்து 12 வரை. 3-இன் கோடு 0010, 12-இன் கோடு 1010. மேல் பிட் மட்டும் மாறுகிறது. ஆழம் 6-க்கு 2 முதல் 13 வரை, 0011-உம் 1011-உம்.

இதை எழுதும்போதுதான் ஒன்று கவனித்தேன். என் கிளெய்ம் 4-இல் இந்த இரட்டைச் சுற்று வரவே இல்லை. கிளெய்ம் 5-ஆக வைத்திருக்க வேண்டியது.

#11 ஏட்டுச்சுவடி

நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன், பலர் வாதத்தில் இல்லாமல் இதில்தான் தோற்கிறார்கள்.

கிளெய்ம் 4-க்குத் தனித் தலைப்புப் போட்டுத் தனியாக வாதிடுங்கள். ஒரே மறுப்பில் இருக்கும் கிளெய்ம்களைச் சேர்த்தே வாதிட்டால் வாரியம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் பார்க்கும், அது விழுந்தால் கூட இருப்பவையும் விழும். நீங்கள் இப்போது எழுதியிருக்கும் மனுவில் கிளெய்ம் 1 விழும், 4-உம் அதோடு போகும்.

2010-இல் ஃப்ரை என்ற முன்னுதாரண முடிவில் வாரியமே சொன்னது: எக்ஸாமினரின் முடிவுக்கு எந்தச் சலுகையும் தராமல் புதிதாகப் பார்ப்போம், ஆனால் மேல்முறையீட்டாளர் எழுப்பிய பிரச்சினைகளை மட்டும். எழுப்பாத வாதம் இல்லாத வாதம்.

பழைய சிப் சொன்ன 72 வரிசைக் கதை தங்கம். ஆனால் இப்படி இழையில் இருந்தால் அது சான்று ஆகாது. 132ஆம் விதியின்படி வாக்குமூலமாக, மேல்முறையீட்டு அறிவிப்புக்கு முன்பே கோப்பில் சேர்ந்திருக்க வேண்டும். அறிவிப்பு கொடுத்தபின் புதுச் சான்று சேர்ப்பதற்கு வாசல் மிகக் குறுகல். கெல்லர் வழக்கிலிருந்து பாடம் எடுத்து, அந்த வாக்குமூலம் இரண்டு ஆவணங்களையும் சேர்த்தே பேச வேண்டும்: இரண்டும் கையில் இருந்தால் நான் எந்தப் பக்கம் போயிருப்பேன், ஏன்.

அப்புறம் இன்னொன்று. வாரியத்தைத் தாண்டி ஃபெடரல் சர்க்யூட் போனால், ஆப்வியஸா இல்லையா என்ற இறுதி முடிவைச் சட்டக் கேள்வியாகப் புதிதாகப் பார்ப்பார்கள். ஆனால் சேர்க்கக் காரணம் இருந்ததா என்பது உண்மை நிலைக் கேள்வி. அதே ஸுர்கோ வழக்கு முன்னதாக உச்ச நீதிமன்றம் போய் 1999-இல் அங்கே முடிந்ததிலிருந்து, அதில் வாரியம் கண்டதற்குக் கணிசமான சான்று இருந்தால் நீதிமன்றம் கை வைக்காது. ஆகவே காரணம் பற்றிய சண்டையை வாரியத்திலேயே முடித்துவிட வேண்டும். மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது.

#12 தாழ்ப்பாள்

பழைய சிப்பின் அனுபவம் என்னை யோசிக்க வைத்தது, அதை மதிக்கிறேன். ஆனாலும் மின்னிழை ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காக எதிர்த்தரப்பின் பலமான ஆயுதத்தைக் காட்டிவிடுகிறேன்.

2023 மார்ச்சில் இன்டெலுக்கும் பேக்ட் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கு. பல பிராசசர்களின் கேஷ் நினைவகங்களை ஒத்துப்போக வைப்பது பற்றியது. வாரியம் காரணம் போதாது என்று காப்புரிமை பக்கம் நின்றது. ஃபெடரல் சர்க்யூட் திருப்பிவிட்டது. துறையில் அந்தப் பிரச்சினை தெரிந்திருந்தது, இரண்டாம் ஆவணத்தின் உத்தி அந்தப் பிரச்சினைக்கு உதவியது, அதைப் பயன்படுத்துவது துறை தெரிந்தவரின் திறமைக்கு மீறியதல்ல. இவ்வளவு இருந்தால் காரணம் போதும். அது இருப்பதிலேயே சிறந்த வழி என்றுகூடக் காட்ட வேண்டாம், பொருத்தமான ஒரு வழியாக இருந்தால் போதும் என்றார்கள்.

எக்ஸாமினர் இதைப் பிடித்துக்கொண்டால்? பிரச்சினை தெரிந்தது: கிளாக் எல்லையில் பல பிட் மாற்றம். உத்தி தெரிந்தது: கிரே கோடு. முடிந்தது.

#13 ஏட்டுச்சுவடி

அது கிளெய்ம் 1-ஐ முடித்துவிடும், ஒத்துக்கொள்கிறேன். கிளெய்ம் 4-இல் கொஞ்சம் நில்லுங்கள். அந்த வழக்கில் உத்தி இரண்டாம் ஆவணத்தில் எழுதியே இருந்தது, கேள்வி அதை எடுத்துவரக் காரணம் உண்டா என்பது மட்டும். டிரான்ஸ்லாஜிக்கிலும் அப்படித்தான், டிரான்ஸ்மிஷன் கேட் சுற்று பாடநூலில் அச்சாகியிருந்தது. இங்கே நடுவிலிருந்து எண்ணும் உத்தி இரண்டு ஆவணத்திலும் இல்லை. எடுத்துவர ஒன்று இருந்தால்தானே எடுத்துவரக் காரணம் தேட முடியும்? கைவிரலில் எண்ணக்கூடிய தீர்வுகள் என்று கேஎஸ்ஆர் சொல்லும்போதும், அவை அடையாளம் காணப்பட்ட தீர்வுகளாக இருக்க வேண்டும் என்று சேர்த்தே சொல்கிறது. உங்கள் நான்கில் மூன்று அப்படிப்பட்டவை. நான்காவதை அடையாளம் காட்டியவர் விண்ணப்பதாரர்.

ஃபிராங்க் கிரேயின் ஆவணத்தை எக்ஸாமினர் கோப்பில் சேர்த்திருந்தால் நிலைமை வேறு. அப்போது உங்கள் வாதத்தோடு நேருக்கு நேர் மோத வேண்டியிருக்கும், விளைவை நான் உறுதி சொல்ல மாட்டேன். வாரியமே புதுக் காரணத்தோடு மறுக்கவும் அதிகாரம் உண்டு. அப்படி நடந்தால் இரண்டு மாதத்துக்குள் விசாரணையை மீண்டும் திறந்து பதிலும் சான்றும் தரலாம், அல்லது அதே கோப்பின் மீது மறுவிசாரணை கேட்கலாம்.

#14 மின்னிழை

எல்லோருக்கும் நன்றி. பழையதைக் கிழித்துவிட்டு எழுதினேன். கிளெய்ம் 4-க்கான தனித் தலைப்பின் கீழ் இது:

“எக்ஸாமினர் சொல்லும் காரணம் நம்பகத்தன்மை. அந்தக் காரணத்தை ஏற்றாலும் அது கொண்டுபோய் நிறுத்தும் இடம் கிளெய்ம் 4 அல்ல. இரண்டாம் ஆவணம் ஆழம் 8-ஐயே காட்டுகிறது, கிரே கோடு முழுச் சுழற்சியாக ஓடுவதையே காட்டுகிறது. இரண்டு ஆவணங்களையும் கையில் வைத்திருக்கும் வடிவமைப்பாளர், திரும்பும் இடத்தில் மூன்று பிட் மாறுவதைக் கண்டதும் இரண்டாம் ஆவணம் காட்டும் வழியில் போய் ஆழத்தை 8 ஆக்குவார். ஆழத்தை 6-ஆகவே வைத்துக்கொண்டு, எண்ணும் சாளரத்தை கண்ணாடிக் கோட்டுக்கு நகர்த்தலாம் என்று இரண்டில் எதுவும் சொல்லவில்லை. தொடக்க மதிப்பு வழக்கமான தேர்வு என்பதற்குக் கோப்பில் எந்தச் சான்றும் இல்லை. அந்தத் தொடக்க மதிப்புதான் இந்தச் சுற்று தரவைக் கெடுக்காமல் ஓடக் காரணம். அதை மாற்றினால் கிளெய்ம் கூறும் பலன் போய்விடுகிறது, எனவே அது விருப்பம்போல் மாற்றத்தக்க தேர்வும் அல்ல.”

கிளெய்ம் 1-க்கு வாதமே எழுதவில்லை, அதை நீக்கிவிட்டேன். 4-ஐ அதன் எல்லாக் கூறுகளோடும் தனித்து நிற்கும் கிளெய்மாக மாற்றினேன். இந்தத் திருத்தம் மனுவுக்கு முன்பே போக வேண்டும் என்பதையும் குறித்துக்கொண்டேன்.

#15 தாழ்ப்பாள்

கடைசி இரண்டு வாக்கியங்கள்தான் என்னை அசைத்தன. வழக்கமான தேர்வு என்றால் 0-இல் தொடங்கினாலும் 2-இல் தொடங்கினாலும் சுற்று ஒன்றுபோல ஓட வேண்டும். இங்கே 0-இல் தொடங்கினால் உடைகிறது. அந்த ஒற்றை வரி மறுப்பு இதைத் தாங்காது.

நான் அந்த மூவர் அமர்வில் இருந்தால், இப்போது இருக்கும் கோப்பை வைத்து 4-இன் மறுப்பை ரத்து செய்வேன். ஃபிராங்க் கிரேயின் ஆவணம் கோப்பில் இருந்தால் இன்னும் ஒரு நாள் யோசிப்பேன். பழைய சிப் வாக்குமூலம் தருவாரென்றால், அந்த அறையில் கண்ணாடிப் பண்பு தெரிந்தவர்கள் இருந்தும் தோன்றவில்லை என்ற வரியை முதலில் வைக்கச் சொல்லுங்கள்.

#16 பழைய சிப்

மாதிரி வழக்குதானே, இன்றிரவே எழுதித் தருகிறேன். 56-இலிருந்து 199 வரையிலான அட்டவணையையும் இணைக்கிறேன், ஒவ்வோர் அடியையும் கையால் சரிபார்த்து.